ஈரத் தோலில் மருந்து தடவலாமா, காய்ந்த பிறகா?

கேள்வி இதுதான்: கையில் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி). மருத்துவர் ஒரு ஸ்டெராய்டு களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். குளித்த கையோடு ஈரத்தில் தடவினால்தான் மருந்து உள்ளே இறங்கும் என்கிறார் ஒருவர். தோல் நன்றாகக் காயட்டும், அப்புறம் தடவுங்கள் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது? கூடவே, மாய்ஸ்சரைசரை முன்னால் பூசுவதா பின்னால் பூசுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் களிம்புக்கு முதலாமவர் சொன்னதுதான் சரி. ஒரு சின்னத் திருத்தம்: ஈரம் என்றால் சொட்டச் சொட்ட நனைந்த தோல் இல்லை. துண்டால் ஒற்றி எடுத்த பிறகும் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்குமே, அந்த ஈரம். இரண்டாமவர் சொன்னதும் பொய் இல்லை. அவர் வேறு மருந்து எதையோ மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். மருந்துக்கு மருந்து விடை மாறும். அடுத்து வேறொரு ட்யூப் கைக்கு வரும்போதும் உதவும் என்பதால் காரணத்தோடு, கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பல வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்தவன் நான். களிம்பு வாங்குபவர்கள் அதிகம் கேட்கும் கேள்வியும் இதுதான், கேட்காமல் தாங்களாகவே ஏதாவது செய்து சிக்கிக்கொள்ளும் விஷயமும் இதுதான்.

மருந்தைத் தடுப்பது தோல் முழுவதும் இல்லை. தோலின் ஆக மேலே செத்த செல்களால் ஆன ஓர் அடுக்கு இருக்கிறது. கொம்புப் படலம் என்பார்கள். உள்ளங்கை, உள்ளங்காலை விட்டுவிட்டால், மற்ற இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். ஒரு காகிதத் தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தட்டையான செல்கள் பதினைந்து இருபது வரிசை. செங்கல் சுவர் மாதிரி என்று எல்லாப் பாடப் புத்தகமும் சொல்லும். செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்பு சாந்து. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் சேர்ந்ததுதான் அந்தச் சாந்து. பெரும்பாலான மருந்துகள் செங்கலைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. சாந்தின் வழியாக வளைந்து நெளிந்துதான் போகின்றன. அதனால்தான் காகிதத்தைவிட மெல்லிய ஒன்றைக் கடக்க மணிக்கணக்கில் ஆகிறது. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டெராய்டை முன்கையில் தடவினால் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது தடவியதில் சுமார் ஒரு சதவீதம்தான். மிச்சமெல்லாம் துணியில் ஒட்டிக்கொள்ளும், கழுவும்போது போகும், செத்த செல்லோடு உதிர்ந்துவிடும்.

இந்த அடுக்கில் தண்ணீர் சாதாரணமாக எடையில் 10 முதல் 20 சதவீதம் இருக்கும். மேலே எதையாவது போட்டு மூடி வைத்தால் 50 சதவீதம் வரைகூட ஏறும். வெளியிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றுகூட இல்லை. உடம்புக்குள்ளிருந்து நம்மை அறியாமலேயே ஈரம் தோல் வழியாக ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுத்தால் போதும், அங்கேயே தேங்கிவிடும். காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்டரை இரண்டு நாள் கழித்துப் பிரித்தால், அடியில் இருக்கும் தோல் வெள்ளையாக உப்பி, நகம் பட்டாலே பிசிறாக வருமே, அதுதான். ஊறிய கொம்புப் படலம் கண்ணால் பார்க்க அப்படித்தான் இருக்கும். (தண்ணீரில் ரொம்ப நேரம் இருந்தால் விரல் நுனி சுருங்குகிறதே, அது கதை வேறு. அந்தச் சுருக்கத்தை உண்டாக்குவது நரம்பு. விரலின் நரம்பு அறுபட்டவர்களுக்கு அந்த விரல் சுருங்காது.)

ஊறிய செல் பக்கவாட்டில் அதிகம் விரிவதில்லை, மேல்நோக்கித் தடிக்கிறது. ரொம்ப நேரம் ஊறினால் சாந்துக்கு நடுவிலும் அங்கங்கே குட்டிக் குட்டியாக நீர்த்தேக்கம் உண்டாகிறது, கொழுப்பு அடுக்குகளின் ஒழுங்கு குலைகிறது. காய்ந்து இறுகிக் கிடந்த வழி இளகிக் கொடுக்கிறது. மூடி வைத்திருந்தால் இன்னும் இரண்டு காரியம் கூடவே நடக்கும்: தோலின் சூடு கொஞ்சம் ஏறும், தடவிய மருந்து துணியில் ஒட்டிப் போகாமல் அதே இடத்தில் இருக்கும். எல்லாம் சேர்ந்துதான் உறிஞ்சப்படும் அளவைக் கூட்டுகின்றன. எவ்வளவு கூட்டும் என்பதுதான் ஆச்சரியம்.

1962-ல் மெக்கென்ஸி, ஸ்டாட்டன் என்ற இருவர் ஓர் எளிய சோதனையைச் செய்து காட்டினார்கள். ஸ்டெராய்டு தோலுக்குள் போனால் அங்கே இருக்கும் சின்ன இரத்தக் குழாய்கள் சுருங்கும், அந்த இடம் வெளிறிப்போகும். மருந்தை ஆல்கஹாலில் கரைத்து, படிப்படியாக நீர்க்க வைத்து, முன்கையில் சிறு சிறு வட்டங்களாக விட்டார்கள். இரவு முழுவதும் விட்டுவிட்டு, மறுநாள் எந்த வட்டம் வரை வெள்ளை தெரிகிறது என்று பார்த்தார்கள். பிளாஸ்டிக் தாளால் மூடிய இடத்தில், மூடாத இடத்தைவிட நூறு மடங்கு நீர்த்த கரைசல்கூட வெளிறலைக் காட்டியது. ஒரே மருந்து, ஒரே கை. இடையில் ஒரு பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். ஸ்டெராய்டு களிம்புகளின் வீரியத்தை வரிசைப்படுத்த இன்றைக்கும் இந்த வெளிறல் சோதனையைத்தான் நம்பியிருக்கிறார்கள். எல்லா மருந்துக்கும் நூறு மடங்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹைட்ரோகார்டிசோன் உடம்புக்குள் போகும் அளவை நேரடியாக அளந்தவர்களுக்கு, மூடியபோது கிடைத்தது சுமார் பத்து மடங்கு. பத்து மடங்கும் சின்ன விஷயம் இல்லை.

அடுத்த வருடமே விக்கர்ஸ் என்பவர் இதில் இன்னொன்றைக் கண்டார். வெளிறல் மறைந்து பல நாள் கழித்து, மருந்தே போடாமல், அதே இடத்தை வெறும் பிளாஸ்டிக் தாளால் மறுபடி மூடினார். வெள்ளை திரும்ப வந்தது. அதாவது மருந்து கொம்புப் படலத்துக்குள் சேமிப்பாகத் தங்கியிருந்திருக்கிறது. ஈரம் ஏறியதும் அந்தச் சேமிப்பு கீழே இறங்கியிருக்கிறது. பல ஸ்டெராய்டு களிம்புகளை நாளுக்கு ஒருமுறை தடவினாலே போதும் என்று சொல்வதற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம்.

ஆகவே ஈரத்தை நான் டோஸ் கணக்கில்தான் சேர்ப்பேன். ட்யூபில் போட்டிருக்கும் சதவீதம் பாதிக் கதைதான். தோல் எவ்வளவு ஊறியிருக்கிறது, மேலே என்ன மூடியிருக்கிறது என்பது மீதிக் கதை.

ஒருவர் வந்து, கொடுத்த மருந்து சரியில்லை, தோலைக் கெடுத்துவிட்டது என்று சண்டை போட்டார். முழங்காலுக்குப் பின்னால் காட்டினார். தோல் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் தாள் மாதிரி மெலிந்து பளபளத்தது, நடுவில் சிவப்பாக வரி வரியாகக் கோடுகள். க்ளோபெட்டசால் களிம்பு, ஸ்டெராய்டுகளில் இருப்பதிலேயே வீரியம் அதிகமான வகையைச் சேர்ந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போடக் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது என்று அதற்கு வரம்பே உண்டு. அவர் இரண்டு மாதமாகப் போட்டிருக்கிறார். அதுமட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி இரவெல்லாம் வைத்திருக்கிறார். “சீக்கிரம் ஆறும்னு சொன்னாங்க” என்றார். உண்மைதான், முதல் வாரத்தில் ஆறியும் இருக்கிறது. சுற்றியதை நிறுத்த மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோடுகள் பின்னாளில் வெளுத்தாலும், முழுக்கப் போகாது.

இதில் அவருக்கே தெரியாத இன்னொரு விஷயம், முழங்காலின் பின்பக்கம் ஏற்கனவே பாதி மூடிய இடம். தோலும் தோலும் மடிந்து உரசுகிற இடமெல்லாம் அப்படித்தான்: அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி மடிப்பு. அங்கே வியர்வையும் சூடும் தேங்குவதால் பிளாஸ்டிக் தாளின் வேலையை மடிப்பே பார்த்துவிடும். 1967-ல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் உடம்பின் பல இடங்களில் ஹைட்ரோகார்டிசோனைத் தடவி அளந்தார்கள். முன்கையை ஒன்று என்று வைத்தால் நெற்றி 6, தாடை 13, விதைப்பை 42. உள்ளங்கால் 0.14 மட்டுமே. இந்த வித்தியாசம் முழுவதும் ஈரத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். படலத்தின் தடிமன், கொழுப்பு, மயிர்க்கால்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனாலும் உள்ளங்காலுக்குக் கொடுத்த களிம்பை மிச்சமிருக்கிறதே என்று தொடை இடுக்கில் தடவுவது எவ்வளவு வம்பு என்பதை இந்த எண்களே சொல்லும். குழந்தைக்கு டயப்பர் போடும் இடமும் இந்தக் கணக்கில்தான் வரும். டயப்பர் என்பது இடுப்பைச் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் தாள். குழந்தையின் எடைக்குத் தோல் பரப்பு அதிகம் வேறு. அங்கே மருத்துவர் சொல்லாமல் எந்த ஸ்டெராய்டும் வேண்டாம்.

சரி, அப்படியென்றால் வறண்ட தோலில் மருந்தே இறங்காதா? இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஆரோக்கியமான தோல் காய்ந்திருந்தால் மருந்து குறைவாகத்தான் போகும். ஆனால் கரப்பான் வந்த தோலின் வறட்சி வேறு மாதிரி. சாந்தில் செராமைடு குறைந்து, சுவரில் ஓட்டை விழுந்திருப்பதால்தான் தண்ணீர் வெளியேறி அது வறண்டிருக்கிறது. தண்ணீர் வெளியே போகும் ஓட்டை வழியாக மருந்தும் உள்ளே வரும். அதனால் கரப்பான் தீவிரமாக இருக்கும்போது மருந்து வழக்கத்தைவிடக் கூடுதலாகவே போகும், ஆற ஆற அளவு தானாகக் குறையும். கரப்பானுக்கு எழுதும், ஸ்டெராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு நல்ல உதாரணம். தோலைக் கடக்க மூலக்கூறின் எடை 500 டால்டனுக்குள் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) இருக்க வேண்டும் என்று ஒரு பொது விதி உண்டு; ஹைட்ரோகார்டிசோன் 362, டாக்ரோலிமஸ் சுமார் 800. விதிப்படி அது உள்ளே போகவே கூடாது. ஆனாலும் கரப்பானில் வேலை செய்கிறது, காரணம் அங்கே சுவர் உடைந்திருப்பது. அதே களிம்பு சொரியாசிஸின் தடித்த படையில் பெரிதாக எடுபடுவதில்லை.

ஈரம் எல்லா மருந்துக்கும் வழிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கொழுப்பில் கரையும் மருந்துகளுக்குப் பெரும்பாலும் நல்ல பலன் தெரியும், நீரில் கரையும் சிலவற்றுக்குப் பெரிய மாற்றமே இருக்காது. இன்சுலின் மாதிரி 5800 டால்டன் எடையுள்ள மூலக்கூறை என்னதான் ஊறவைத்தாலும் தோலில் தடவி உள்ளே அனுப்ப முடியாது.

நீங்கள் கையில் வைத்திருப்பது களிம்பா, கிரீமா என்று ட்யூபில் பாருங்கள். பேச்சில் எல்லாவற்றையும் களிம்பு என்றுதான் சொல்கிறோம், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. ஆயின்ட்மென்ட் என்று போட்டிருந்தால் அது பெட்ரோலியம் ஜெல்லி போன்ற எண்ணெய்ப் பசை. தடவினால் தோல் மினுமினுக்கும், தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும். அதாவது மருந்தோடு ஒரு மெல்லிய மூடியும் சேர்ந்தே வருகிறது. கிரீமில் பாதிக்குப் பாதி தண்ணீர். அது ஆவியாகிவிடும், மூடுகிற வேலை கொஞ்சம்தான். மொமெட்டசோன் என்ற ஸ்டெராய்டு இரண்டிலும் 0.1 சதவீதம்தான். ஆனால் அமெரிக்காவில் ஸ்டெராய்டுகளை வீரியப்படி ஏழாகப் பிரிக்கும் பட்டியலில் அதன் ஆயின்ட்மென்ட் இரண்டாம் வகுப்பு, கிரீம் நான்காம் வகுப்பு. தடித்து வறண்ட இடத்துக்கு ஆயின்ட்மென்ட், முகத்துக்கும் நீர் கசியும் இடத்துக்கும் கிரீம் என்று மருத்துவர் மாற்றி எழுதுவது இதற்காகத்தான். சில கிரீம்களில் யூரியா சேர்த்திருப்பார்கள். யூரியா நம் தோலிலேயே இயற்கையாக இருக்கும் பொருள், தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் வேலை. 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலை இளக்கி உரிக்கவும் செய்யும்.

ஈரத்தைத் திட்டமிட்டே பயன்படுத்தும் இடங்கள் உண்டு. ஊசி குத்தும் முன் மரத்துப்போக வைக்கும் லிடோகெயின்-பிரிலோகெயின் கிரீமைத் தடிமனாக வைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். தேய்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் ஊசி போட்டுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். தீவிரக் கரப்பானுக்கு, பத்து இருபது நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிவிட்டு, துடைக்காமலேயே ஆயின்ட்மென்டைப் பூசச் சொல்லும் முறையும் தோல் மருத்துவர்களிடம் உண்டு. அது அவர்கள் கண்காணிப்பில், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்.

இனி, காய்ந்த பிறகு என்று சொன்னவரின் பக்கம். முகப்பருவுக்கான ட்ரெட்டினாயினைத் தடவ, முகம் கழுவி 20 முதல் 30 நிமிடம் காத்திருக்கச் சொல்வார்கள். ஈரத்தில் தடவினால் அதுவும் கூடுதலாகத்தான் இறங்கும். ஆனால் கூடுதல் என்றால் அங்கே எரிச்சல், சிவப்பு, உரிதல். மேலே சொன்ன டாக்ரோலிமஸும், கரப்பானுக்கான மருந்தாகவே இருந்தாலும், குளித்த பின் தோல் காய்ந்ததும்தான் போட வேண்டும், மூடிக் கட்டக் கூடாது. படர்தாமரைக்கு ஈரமே பகை, அந்த இடத்தை நன்றாக உலர்த்திவிட்டுத்தான் மருந்து. உடம்பில் ஒட்டும் பேட்ச் என்றால் காய்ந்த தோலில்தான் ஒட்டும், இல்லாவிட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஃபென்டனில் என்ற கடும் வலி நிவாரணி பேட்ச் போட்டிருப்பவர்கள் அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது; சூட்டில் மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் கலந்து உயிர் போயிருக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் சொறி சிரங்குக்கான பெர்மெத்ரின். முன்பெல்லாம் சூடான தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் சிரங்கு மருந்து தடவச் சொல்வார்கள். தோல் இளகினால் மருந்து நன்றாக இறங்குமே என்ற கணக்கு. இப்போது அப்படிச் செய்யாதீர்கள் என்கிறார்கள். சிரங்குப் பூச்சி குடியிருப்பதே அந்தக் கொம்புப் படலத்துக்குள்தான். சூடான குளியலுக்குப் பிறகு தடவினால் மருந்து பூச்சியைத் தாண்டி இரத்தத்துக்குப் போய்விடும். பூச்சி அங்கேயே இருக்கும். நன்றாக இறங்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறோம், எதுவரை இறங்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் கைக்கு வருகிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்து முடியுங்கள். தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். நீர்த்துளி நின்றால் ஆயின்ட்மென்ட் வழுக்கிக்கொண்டு ஒட்டாது, கிரீம் என்றால் கரைந்து நீர்த்துப்போகும். தோல் முழுக்கக் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிடத்தில், மருந்தைத் தடவிவிடுங்கள். அளவுக்கு ஒரு எளிய வழி: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும், பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை (விரல்களும் சேர்த்து) அளவு பரப்புக்கு அது போதும். கரப்பான் இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லியதாகப் பரப்புங்கள். தடவிய பிறகு ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் உறை எதையும் மாட்டாதீர்கள். வேலைக்குக் கையுறை போடுகிறவர் என்றால் மருந்தை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

மாய்ஸ்சரைசர் முன்னாலா பின்னாலா என்பதற்கு அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. எதை முதலில் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே தெரிகிறது. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குழைத்துவிடாமல் இருப்பதுதான் முக்கியம். குழைத்தால் மருந்து நீர்க்கும், கரப்பான் இல்லாத இடத்துக்கும் பரவும். நடுவில் இருபது முப்பது நிமிடம் விடச் சொல்வது அதற்காகத்தான். நான் என்றால் ஈரத்தோடு மருந்து, அரை மணி கழித்து மற்ற இடமெல்லாம் சேர்த்து மாய்ஸ்சரைசர் என்று வைத்துக்கொள்வேன். காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர் என்றால் காலைக்கு மாய்ஸ்சரைசர் மட்டும், மருந்து இரவில். இரண்டு வாரம் போட்டும் குறையவில்லை என்றாலோ, தோல் மெலிந்து பளபளப்பாகத் தெரிந்தாலோ, தடவுகிற அளவைக் கூட்டாமல் ட்யூபை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். குளித்த எத்தனை நிமிடத்தில் போட்டீர்கள், மேலே என்ன மூடினீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.